மனிதக் கை படாத மணி

உலகில் மனிதக் கை படாமல் தானாக ஒலிக்கும் தேவாலய மணி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தாராபுரத்துக்கு மேற்கே, அந்தோணியார் கரட்டின் உச்சியில் தொங்குகிறது. நோட்டீஸில் அப்படித்தான் இருந்தது. எழுதியவர் கரட்டுக்கோயில் உபதேசியார் அன்புமணி. உலகத்தில் அவர் பார்த்தது வடக்கே பெருந்துறை வரைக்கும்.

சில மாதமாகவே, வெயில் ஏறும் பதினொரு மணி வாக்கில் மணி இரண்டு மூன்று தரம் அடித்து ஓயும். பூசைக்கு அன்புமணி கயிற்றை இழுப்பது இதில் சேராது. காலராக் காலத்தில் ஊரைக் காத்த வெள்ளைக்காரப் பாதிரியார்தான் அடிக்கிறார் என்றார் அவர். எந்தப் பாதிரியார் என்று கேட்டவர்களுக்குத் தாடியின் நீளத்தை மட்டும் சொன்னார். அந்த நேரத்தில் யாரும் மேலே ஏறக்கூடாது என்று சட்டமும் போட்டார். கோயிலைக் கூட்டிப் பெருக்குகிற மனைவி அன்புக்கரசிக்கு மட்டும் விலக்கு.

இந்த வைகாசியில் ஆயர் இல்லத்திலிருந்து ஒரு ஃபாதர் நேரில் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. மணி அடித்தால் கரடு திருத்தலம். அன்புமணி அதன் பொறுப்பாளர். அடிக்காவிட்டால் மாதப் பூசையைக் கீழே ரோட்டோரக் கோயிலுக்கு மாற்றி, மேலே பூட்டிவிடுவார்கள். உபதேசியார் வேலையும் அதோடு போச்சு.

வருகிறவருக்குக் கறிவிருந்து போடாமல் என்ன திருத்தலம்? அடிவாரத் தோட்டத்துக் கந்தப்பக் கவுண்டர், தொலைந்த எருமை கிடைத்ததற்காக அந்தோணியாருக்கு ஒரு கிடாயை நேர்ந்து விட்டிருந்தார். சாமி கிடாய் என்பதால் அது யார் சோளத்தில் வாய் வைத்தாலும் கேட்பாரில்லை, மேய்ந்து கொழுத்திருந்தது. திருவிழாவுக்கு நாள் இருக்கிறதே என்று அன்புமணி ஒப்புக்கு இழுத்தார்.

“சாமிக்கு உட்டதுங்க உபதேசியாரே. சாமியோட ஆளுதானுங்க வாராரு, அறுத்துப்போடுங்க” என்று கவுண்டர் முடித்துவிட்டார்.

ஃபாதர் வந்தார். பந்தலும் பல்லடத்து பேண்டு செட்டும் கரடேறியிருந்தன. பதினொரு மணிக்கு அன்புமணி கையைத் தூக்கினார்; பேண்டு நின்றது. மணி அடிக்கவில்லை. ஜெபமாலை சொன்னார்கள். அடிக்கவில்லை. கூட்டத்தில் பாவிகள் இருக்கிறார்கள் என்று அன்புமணி மைக்கில் அறிவித்தார். எல்லோரும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள். ஒரு மணிக்கு ஃபாதர் பசிக்கிறது என்றார்.

பந்தியில் ஃபாதர் நயமாகவே பேசினார். வயசானவர்களுக்கு இந்த ஏற்றம் சிரமம், அடுத்த மாதத்திலிருந்து பூசை கீழேயே இருக்கட்டும் என்றார். கறி பிரமாதம் என்றும் சொன்னார்.

குழம்பு ஊற்ற வந்த அன்புக்கரசியிடம் அன்புமணி முனகினார். “இன்னைக்குப் பாத்து ஏன் அம்மணி அடிக்கல?”

“யாரு அடிப்பாங்க? கெடாயத்தான் அறுத்துப்போட்டீங்களே. வெயிலுக்கு நெழலு தேடி மணிக்கூண்டுக்கடியிலதானுங்க வந்து நிக்கும். கயித்துல உங்க கை வேர்வை உப்பு. அதைச் சப்பிச் சப்பி இழுக்கும்.”

“முன்னயே சொல்றதுக்கென்ன?”

“மனுசக் கை படாமன்னு நோட்டீசு போட்டீங்க. தெரிஞ்சுதான் எழுதியிருக்கறீங்கன்னு இருந்துட்டனுங்க.”

அன்புமணி குனிந்து தன் இலையைப் பார்த்தார். அவர் கேட்டு வாங்கிய நல்லி எலும்பு, உறிஞ்சி முடித்து, இலையோரம் கிடந்தது.