மல்லாத்தி ஊட்டக் கூடாது

தாய் அணிலை அண்ணன் தடியால் அடித்துக் கொன்றான். ஒரே அடியில் அது சாகவில்லை. தறிப்பட்டறைச் சுவரோரமாக இடுப்பை இழுத்துக்கொண்டு ஓடியது. துரத்திப் போய் மறுபடி அடித்து, காலால் ஒதுக்கித் தள்ளினான். பாவு நூலைக் கடித்துவிட்டதாம். பிறகு கூரைச் சட்டத்திலிருந்த கூட்டைப் பிடுங்கி வாசலில் வீசினான். வேஸ்ட் நூலும் தேங்காய் நாருமான கூட்டிலிருந்து மூன்று குட்டிகள் உருண்டன. இரண்டை நாய் கவ்வியது. அப்போதுதான் கண் திறந்திருந்த மூன்றாவதை நான் துப்பட்டாவில் சுருட்டிக்கொண்டேன்.

"தொட்டில் கட்டித் தாலாட்டுடி. அதுக்குத்தான உன்னயப் படிக்க வெச்சோம்," என்றான்.

இவன் எங்கே படிக்க வைத்தான்? எங்கள் வீட்டில் முதன்முதலாக டிகிரி வாங்கியவள் நான். விலங்கியல். வெண்ணந்தூரில் அதை வைத்து ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. இவன் பட்டறையில் உட்கார்ந்து நூல் சுற்றுகிறேன்.

அதே வாரம் அவன் பெண்டாட்டியின் தாடையை உடைத்தான். கிருத்திகாவை நான் நங்கை என்பேன். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம். தறியில் அறுந்த இழைக்கு முடிச்சுப் போடாமல் அவள் அப்பாவோடு போனில் பேசினாள் என்று, தறி நாடாவை எடுத்து முகத்தில் அடித்தான். முனைகளில் இரும்பு வைத்த மரக்கட்டை அது. ஒரு பல் வெளியே வந்து விழுந்தது. அதன் பிறகும் வயிற்றில் உதைத்தான்.

சேலம் ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டினார்கள்.

"தண்ணித் தொட்டிகிட்ட வழுக்கி உழுந்துட்டாளுங்க," என்றாள் அம்மா.

"இல்ல டாக்டர், எங்கண்ணன் அடிச்சான்," என்றேன் நான்.

டாக்டர் நங்கையைப் பார்த்தார். அவள் வழுக்கியதுபோல் கையால் காட்டினாள். 'உங்கப்பனுக்குத் தெரிஞ்சா அந்தாளையும் இப்படித்தான் அனுப்புவேன்' என்று அண்ணன் முதலிலேயே சொல்லி வைத்திருந்தான்.

இப்படியாக என் கைக்கு இரண்டு வாய்கள் வந்து சேர்ந்தன. நங்கைக்கு வடிகட்டிய ராகிக் கஞ்சி, பெரிய சிரிஞ்சில். அணிலுக்கு வெதுவெதுப்பான ஆட்டுப்பால், ஊசி கழற்றிய குட்டிச் சிரிஞ்சில். கொஞ்ச நாளில் நங்கை கையை நீட்டினாள். "எங்கிட்டக் குடு. நான் பாத்துக்கறேன்." கட்டிய பல்லின் இடுக்கு வழியாகத்தான் அவளால் பேச முடியும்.

சிரிஞ்சை அவளிடம் கொடுத்துச் சொன்னேன்: "நிமித்திப் புடிக்கோணும். மல்லாத்தவே கூடாது. ஒரு சொட்டு உடு, அது முழுங்கட்டும், அப்புறம் அடுத்தது. ஒடம்பு சில்லுன்னு இருந்தா ஊட்டாத, மொதல்ல சூடு காட்டு. மூக்குல வந்துதுன்னா தலையக் கீழ சாய்ச்சுத் தொடைச்சிரு."

"அவசரப்பட்டா?"

"நுரையீரலுக்குள்ள எறங்கிரும். செத்துரும்."

"எனக்கு ஊட்டறப்ப இத்தன பக்குவம் பாக்கறதில்லயே நீ."

"உன்ற மூக்குல உட்டா நீ என்னயத் திட்டுவ. அதுக்கு வாயில்ல."

"எனக்கு மட்டும் இருக்குதாக்கும்," என்றாள்.

பல் முளைத்ததும் பூவன்பழத்தை மசித்து, பாட்டில் மூடியில் துளி வைத்தோம். அவித்த மஞ்சள் கரு, கடுகளவு. புளிப்பதற்குள் மிச்சத்தை எடுத்துவிடுவோம். குட்டி முதலில் மூக்கைத்தான் அதில் அமுக்கியது. இன்னொரு நாள் இரண்டு கையாலும் பழத்தை அள்ளிப் பிடித்துத் தின்றது. நங்கை சிரிக்கப் பார்த்தாள். கம்பி இழுத்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இது பொழைச்சுட்டாப் போதும் தமிழு. இந்த ஊட்ட உட்டு ஒன்னாவது உசுரோட வெளிய போவோணும்."

அவள் வழுக்கி விழுந்துவிட்டதாகத்தான் அவள் அப்பாவுக்கும் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் பார்க்க வருவதாக இருந்தது. "அவரு வாரப்ப இவ மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா நமக்குத்தான் கேவலம். அவ ஆசப்படறத நீயும் செய்யி சாமி," என்று அம்மா அண்ணனை அனுப்பினாள். அவன் டம்ளரில் மாட்டுப்பாலும் குழந்தைக்கு ஊட்டுகிற சங்குமாக உள்ளே வந்தான்.

"குடு, நான் ஊட்டறேன்."

நங்கை தரவில்லை. பிடுங்கினான். ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டுகிற மாதிரி உள்ளங்கையில் மல்லாத்தி, வாயை விரலால் பிளந்து, சங்கைச் சாய்த்தான்.

"மல்லாத்தாத! மூச்சுல எறங்குது! நிறுத்துடா!"

"ஆட்டுக்கு ஊத்துனவனுக்கு அணிலுக்கு ஊத்தத் தெரியாதா? டாக்டரம்மா வந்துட்டா!"

நான் கத்தியதால்தான் மேலும் ஊற்றினான். குட்டியின் மூக்கில் பால் நுரைத்தது. கால்கள் விறைத்தன.

சங்கு பிடித்த கையை இழுத்துக் கட்டைவிரலைக் கடித்தேன். எலும்பு தட்டுப்படும்வரை கடித்தேன். மறு கையில் இருந்த அணிலைப் போட்டுவிட்டு, அந்தக் கையால் என் காதோடு அறைந்தான். விடவில்லை. தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். தறி எண்ணெயும் ரத்தமும் என் நாக்கில் கலந்தன. அம்மா விளக்குமாற்றால் என் முதுகில் விளாசினாள். "கூடப் பொறந்தவனக் கடிக்கறாளே நாயி!"

நங்கை தரையில் கிடந்த குட்டியை எடுத்துத் தலைகீழாகச் சாய்த்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பால் வடிந்தது. மூச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம்.

வாசலில் லோடு ஆட்டோ நின்றது. அவள் அப்பா அன்பழகன் இளநீர்க் குலையோடு உள்ளே வந்தார்.

"என்னம்மிணி, ஊடெல்லாம் ரத்தம்?"

"அண்ணந்தங்கச்சி சண்டைங்கண்ணா. நீங்க உக்காருங்க," என்றாள் அம்மா.

"வண்டிய எடுங்கப்பா," என்றாள் நங்கை. "சேலம் போவோணும். அணிலு சாவுது."

"அணிலா?"

அண்ணன் அவள் கொண்டையைப் பிடித்தான். "எங்கீடி கெளம்பற?"

நான் அவன் முன்னால் போய் நின்று வாயைத் திறந்து காட்டினேன். பல்லெல்லாம் அவன் ரத்தம். பிடியை விட்டான்.

அஸ்தம்பட்டியில் ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார் என்று நான்தான் வழி சொன்னேன். வண்டியில் நங்கை குட்டியைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தாள். மல்லூர் வருவதற்குள் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

அவள் அப்பா ஓரம் கட்டினார். "செத்துப்போச்சா சாமி? சரி, அழுவாத. ஊட்டுக்குத் திருப்பட்டுமா?"

"திருப்புங்க. வெண்ணந்தூர் போலீஸ் டேசனுக்கு."

"எதுக்கு?"

"நான் வழுக்கி உழுவுலீங்கப்பா."

அவர் அவள் தாடையைப் பார்த்தார். அப்புறம் என் வாயைப் பார்த்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் ஓங்கிக் குத்தினார். லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க, நடுரோட்டில் வண்டியைத் திருப்பினார்.