சாமி மேடையில் இருமல்

இப்போதெல்லாம் எவனும் கேட்டுவிட்டுச் செய்வதில்லை. செய்துவிட்டு, பிடிபட்டால் "சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்பான். பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரன் அந்த ரகம்.

மேரு ஊரில் எங்கள் வரிசை வீடுகளில் சீலிங்குக்கு மேலே நடுச்சுவர் கிடையாது. ஏறினால் எவன் தலைக்கு மேலேயும் தவழலாம். பரமேஸ்வரனுக்கு ரேடியோவில் ஊர் ஊராகப் பேசுகிற பைத்தியம். கூரைமேல் ஏரியல் நட்டால் தாமான் குடியிருப்புக் கமிட்டி சண்டைக்கு வருகிறது என்று கம்பியைச் சீலிங்குக்குள் இழுத்தான். அவன் வீட்டு நீளம் பற்றவில்லையாம். மிச்சத்தை என் வீட்டுக்கு மேலே கட்டிவிட்டான். மேலே உருளுகிற சத்தம் கேட்டு, எலி என்று நான் பசை அட்டை வாங்கி வைத்தேன்.

எங்கள் சாமி மேடையில் நாள் முழுக்க முருகன் நாமம் சொல்லும் சின்னப் பெட்டி உண்டு. போன வாரம் அது, வாயில் தண்ணீரோடு பேசுவதுபோல் கொழகொழவென்று பேசியது. கற்பூரத் தட்டோடு நின்ற என் மனைவி இராஜம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சாமி கூப்பிடுறாரு. பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கணும்."

பஸ் படி ஏறவே முட்டி விடாத பொம்பளை. மலைப்படி ஏறினால் அதோடு படுக்கைதான்.

அப்போது பெட்டி இருமியது. அதே இருமல் சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

நேரே போனேன். "ஏன்யா, இருமறதுக்கு உனக்கு என் சாமி மேடைதான் கெடச்சுதா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன் அண்ணே. சரி பண்ணிடறேன் லா."

"கம்பிய அவுத்துடு. அதான் சரி."

"அவுத்தா கடலுக்கு அந்தாண்ட சபா மாநிலத்துப் பக்கம் கேக்காதுண்ணே."

"போன்ல பேசு."

"போன்ல தெரிஞ்சவங்ககிட்டதானே பேச முடியும்."

தெரியாதவனிடம் என்ன பேச்சு? தெரிந்தவனிடமே எனக்குப் பேச ஒன்றுமில்லை.

கம்பியை அவன் அவிழ்க்கவில்லை. ரேடியோ அலை ஏறாமல் தடுக்குமாம் என்று பெட்டியின் வயரில் ஒரு கறுப்பு வளையத்தை மாட்டினான். வீட்டுக்குப் போய் ரேடியோவில் பேசிவிட்டு வந்தேன் என்றான். அந்த நேரம் முழுக்கப் பெட்டி முருகன் நாமத்தை மட்டும் சொன்னது.

"பாத்தீங்களா அக்கா, அன்னிக்குப் பேசினது நான்தான்."

"நீ பேசினா பேசிட்டுப் போ தம்பி. நான் கேட்டது உன் குரல் இல்ல."

"அப்ப இருமினது?" என்றேன்.

"சாமிக்கு இருமல் வரக்கூடாதா?" வளையத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது. "அவர் வாயக் கட்டிட்டீங்க. கோவத்துல இருக்காரு. இனி பால்குடம் கட்டாயம் எடுக்கணும்."

"நல்லா வேலை செய்யுது இல்லண்ணே?" என்றான் பரமேஸ்வரன், வளையத்தைத் தடவியபடி.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தேன். வளையமாம். அந்தப் பக்கம் போய் இவன் வாயைத் திறந்தானா இல்லையா, யார் பார்த்தது?