உப்புப் பாத்தியில் போட்ட ரோடு

ஆறு வருஷம் கழித்துச் சின்னப்பாப்பாவின் பாத்தியில் உப்பு வெள்ளையாகப் பூத்த அன்றைக்குத்தான் கலியபெருமாள் கருங்கல் லாரியோடு வந்து நின்றான். நேரம் பார்த்து வந்து வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது சிலருக்குக் கைவந்த கலை.

எழுபத்தேழாம் வருஷம், ஜூன் மாதம். சட்டசபைத் தேர்தலுக்கு எட்டே நாள் இருந்தது. கலியபெருமாள் மரக்காணத்துக் கட்சிக்காரன். சலவை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பின் மேல் தடுமாறி வந்தான்.

"பாப்பா, லாரி கழிக்கரை வரைக்கும் போவணும். உன் பாத்தியில கொஞ்சம் மண்ணை அடிச்சிட்டா ரோடு வேலைய ஆரம்பிச்சிடலாம். இந்த வாட்டி நிச்சயம்."

சின்னப்பாப்பா உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எந்தப் பாத்தியிலண்ணே? போன வாட்டி தூத்துக் குடுத்தமே, அந்தப் பாத்தியிலயா?"

கலியபெருமாளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, முறைக்கவும் முடியவில்லை.

அவள் ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓர் உப்பங்கழி. ஊர் அந்தக் கரையில். உப்பளமும், மரக்காணம் போகிற ரோடும், ரேஷன் கடையும், ஆஸ்பத்திரியும் இந்தக் கரையில். தண்ணீர் வடிந்திருந்தால் கழியில் முழங்கால் ஆழம். கடலிலிருந்து ஓதம் ஏறிவிட்டால் மார்பளவு. பள்ளிக்கூட வாத்தியாரே மணி பார்த்து வேலைக்கு வருவதில்லை, ஓதம் பார்த்துத்தான் வருவார். கழியில் ஒரு கல்பாதை போட்டுக் கொடுங்கள் என்று ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தலுக்கு முன்னால் இதே கலியபெருமாள்தான் வந்து சொன்னான். கல் தயார், லாரி கழிக்கரைக்குப் போக வழிதான் இல்லை, குறுக்கே ஒரே ஒரு பாத்தி நிற்கிறது என்றான். அந்தப் பாத்தி சின்னப்பாப்பாவின் புருஷன் முருகையன் பேரில் குத்தகைக்கு இருந்தது. முருகையன் நல்லவன். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டால் கட்டியிருக்கிற கோவணத்தையும் அவிழ்த்துக் கொடுத்துவிடுகிற அளவுக்கு நல்லவன். பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் தலையை ஆட்டிவிட்டான்.

உப்புப் பாத்தி என்பது நெல் வயல் மாதிரி இல்லை. இன்றைக்கு மூடி நாளைக்குத் திறக்கிற காரியம் இல்லை. தரையிலே களிமண்ணைக் குழைத்து, குடும்பமே தோளோடு தோள் ஒட்டி நின்று, நாள் கணக்காக மிதிக்க வேண்டும். வருஷா வருஷம் மிதித்து மிதித்துத்தான் தரை சிமென்ட் போல இறுகும். அப்போதுதான் உப்பு வெள்ளையாக வரும். தரை இளகியிருந்தால் உப்பில் சேறு ஏறிக் கறுத்துவிடும், வியாபாரி கையால் தொடமாட்டான். அப்படி முருகையனின் அப்பன் காலத்திலிருந்து மிதித்த பாத்தியில், ஊரே கூடி இரண்டே நாளில் மண்ணைக் கொட்டி ரோடாக்கிவிட்டது. சின்னப்பாப்பாவும்தான் கூடை சுமந்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வரும்.

ஏழு லாரிக் கல் கழிக்கரையில் இறங்கியது. ஊரில் இருந்த நூற்று முப்பத்தெட்டு ஓட்டும் விழுந்தது. வரிசையில் முதல் ஆளாக நின்றவள் சின்னப்பாப்பா. இருபது நாள் கழித்து லாரி மறுபடி வந்தபோது, இன்னும் கல் வருகிறது என்று நினைத்து டிரைவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் மோரைக் குடித்துவிட்டு, கரையில் கிடந்த கல்லை ஏற்ற ஆரம்பித்தான். வேறே அவசர வேலையாம், மேலிடத்து உத்தரவாம். ஏழு லாரிக் கல்லும், இவர்கள் பாத்தியைத் தூர்த்துப் போட்ட அதே ரோட்டின் வழியாகத் திரும்பிப் போனது.

அந்த மண்ணை வெட்டி எடுக்கவே ஒரு வருஷம் ஆனது. பிறகு மிதித்தார்கள். முதல் வருஷம் உப்பு சேறாக வந்தது, மறு வருஷமும் சேறுதான். கால் வெடித்து உப்புத் தண்ணீர் பட்டு எரிய எரிய மிதித்தார்கள். இதோ, இந்தக் கோடையில்தான் தரை இறுகியிருக்கிறது.

"இந்த வாட்டி ஆர்டர் கையில இருக்குது பாப்பா" என்றான் கலியபெருமாள்.

"சந்தோசம். கல்லை அந்த ரோட்டு ஓரத்துல இறக்குங்க. அங்கேருந்து பாதையைப் போட்டுக்கினு வாங்க. என் வரப்புக்கு அது வந்து சேர்ற அன்னைக்கு நானே மம்முட்டி எடுத்துப் பாத்தியைத் தூத்துக் குடுக்கறேன். அப்புறம் ஓட்டுப் போடறேன்."

"ரோட்டு ஓரத்துல இறக்க முடியாது."

"ஏன் முடியாது?"

கலியபெருமாள் லாரிப் பக்கம் திரும்பினான். "நல்லதுக்குக் காலமில்ல. ஊருக்கு வர்ற வழியை நீ ஒருத்தியே கெடுத்த. இதை எல்லார்கிட்டயும் சொல்லுவேன்" என்று கத்திவிட்டு லாரியைத் திருப்பச் சொன்னான். சுற்றுப் பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முருகையன் பிடித்துக்கொண்டான்.

"ஊர் வழி உன்னாலதான் போச்சுன்னு பேசுவாங்க. ஒரு பாத்திக்காகவா இப்பிடி?"

"யோவ், பாத்திக்காகன்னே வச்சுக்கோ. ஆறு வருசம் யார் காலு வெடிச்சுது? அவன் காலா?"

வாய் பேசியதே தவிர, உள்ளுக்குள் அவளுக்கு உறுத்தியது. ஒருவேளை இந்தத் தடவை நிஜமாகவே போட்டிருப்பானோ? நான்தான் ஊர் வாயில் மண்ணைப் போட்டேனோ? ஏமாற்றின கலியபெருமாள் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டான். ஏமாந்தவள் உட்கார்ந்து தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஊர் கூடியபோது பக்கத்துப் பாத்திக்காரன் பக்கிரிதான் வாயைத் திறந்தான்.

"பாதை போட வந்த கல்லுன்னா எங்க இறக்குனா இன்னா? ரோட்டோரம் நாலு பேர் பாக்கற எடத்துல இறக்கிட்டா திருப்பி எடுத்துக்கினு போவ முடியாது. அதான் லாரியைத் திருப்பிட்டான்."

ஊர் முழுக்க ஓட்டுப் போடுவதில்லை என்று ஆனது. கோஷம் இல்லை, கறுப்புக்கொடி இல்லை. தேர்தல் நாளில் வழக்கம்போல விடியற்காலையில் கழியைக் கடந்து உப்பு வாரப் போய்விட்டார்கள். முருகையன் மட்டும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் பாத்திக்கு வந்து பலகையை எடுத்தான்.

பள்ளிக்கூடக் கொட்டகையில்தான் ஓட்டுச்சாவடி. தேர்தல் வேலைக்கு நாலு பேர் முந்தின நாள் மத்தியானம் தண்ணீர் வடிந்திருந்த நேரத்தில் கழியைக் கடந்து வந்திருந்தார்கள். வானூர்ப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்ட சிவப்பிரகாசம் என்கிற அதிகாரி, இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு போலீஸ்காரர். பாவம், நாலு பேரும் நாள் பூரா ஒரு காலிப் பெட்டிக்குக் காவல் இருந்தார்கள்.

சாவடி மூடுகிற நேரத்துக்கு முருகையனைக் கூட்டிக்கொண்டு சின்னப்பாப்பா போய் நின்றாள். சிவப்பிரகாசத்தின் முகம் மலர்ந்தது.

"வாம்மா வா, இன்னும் பத்து நிமிஷம் இருக்குது. விரலை நீட்டு."

"ஓட்டுப் போட வரல சார். ஏன் போடலன்னு சொல்ல வந்தேன். எழுதிக்கோங்க."

கழியைச் சொன்னாள், கல்லைச் சொன்னாள், பாத்தியைச் சொன்னாள். அவர் பாதி வரை கேட்டார். பிறகு முன்னால் இருந்த படிவத்தின் காலங்களில், கட்டம் கட்டமாக விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அதுக்கு இதுல காலம் இல்லம்மா."

"அப்ப இன்னா எழுதுவீங்க?"

"உப்பு வேலை மும்முரம், யாரும் வரலைன்னு எழுதியிருக்கேன். அது போதும்."

சின்னப்பாப்பா அந்தப் படிவத்தையே பார்த்தாள். ஓட்டுப் போட்டாலும் ஏமாற்றம். போடாவிட்டால் சோம்பேறி, விவரம் இல்லாதவள். ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு செய்த காரியம், ஒரே வரியில் உப்பு வேலையாகப் போய்விட்டது.

பெட்டிக்குச் சீல் வைத்து எடுத்துக்கொண்டு அவர்கள் கழிக்கரைக்கு வந்தபோதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. அமாவாசை நெருங்கியிருந்தது. ஓதம் ஏறிக் கழி நிறைந்து கிடந்தது. ஜீப் அக்கரையில் நின்று ஹாரன் அடித்தது.

"படகு எதுவும் இல்லையா?" என்றார் சிவப்பிரகாசம்.

"நாங்க உப்பு வார்றவங்க சார். எங்ககிட்ட ஏது படகு?" என்றான் முருகையன். பிறகு பெண்டாட்டியின் காதோரம் குனிந்து, "நிக்கட்டும் வா, போவலாம்" என்றான். அவளுக்கும் அப்படித்தான் ஆசையாக இருந்தது.

"பெட்டி போய்ச் சேரலன்னா நாளைக்கு நம்மளத்தான்யா புடிப்பாங்க. நீ அவரு காகிதக் கட்டைத் தூக்கு" என்றாள்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டாள். தலையில் சும்மாட்டை வைத்துப் பெட்டியை ஏற்றச் சொன்னாள். போலீஸ்காரர் ஒரு கையால் பெட்டியைப் பிடித்தபடியே கூட வந்தார். கனமே இல்லை. அதுவே அவளுக்கு என்னவோ செய்தது.

சிவப்பிரகாசம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார். இடுப்பு வரை சமாளித்தார். நடுக்கழியில் தண்ணீர் மார்புக்கு ஏறி, அடியில் சேறு காலை இழுத்தபோது அவர் சத்தம் போட்டுக் கேட்டார்.

"ஏம்மா, தினமும் இப்படியா போறீங்க, வர்றீங்க?"

சின்னப்பாப்பா திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பெட்டி சாய்ந்துவிடும்.

"அதைத்தான் சார் எழுதச் சொன்னேன். காலம் இல்லைன்னீங்க."

இன்னும் பாதிக் கழி இருந்தது.