மஞ்சள் என்று எழுதியவர்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவள் நான். 'நான்' என்று எழுதக் கை வரவில்லை. ஆகவே அவளுக்கு விஜயா என்று பெயர்.

2

'நாட்டுக்கு மெர்டேக்கா என்ற விடுதலை கிடைத்த மறுவருடம், கஜா பெராங்கில் ஒரு பெண்கள் பள்ளியில், காலை வெயில்' (வெயில் வேண்டாம். தேர்விலிருந்தே தொடங்குகிறேன்.)

வேதியியல் செய்முறைத் தேர்வு. கொடுத்த உப்பைச் சுடரில் காட்டி, இன்னதென்று எழுத வேண்டும். முந்தின நாளே ருக்மணி டீச்சர் தம் வீட்டு டியூஷனில், "நாளைக்கு சோடியம்தான். மஞ்சளா எரிஞ்சிச்சுன்னு எழுதிடுங்க" என்று சொல்லியிருந்தார்.* விஜயா டியூஷனுக்குப் போகிறவள். கடைக்காரர் யூனுஸின் மகள் ஹஸீனா போகாதவள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவ அறிவியல் வகுப்புக்குப் பள்ளி ஒரே ஒருத்தியைத்தான் சிபாரிசு செய்யும். போட்டி இவர்கள் இருவருக்கும்தான்.

தேர்வில் சுடர் ஊதாவாக எரிந்தது. ஊதா என்றால் பொட்டாசியம். போத்தலில் உப்பு மாறியிருந்தது. விஜயா கவனிக்கவில்லை. (கவனித்தாள். நன்றாகவே.) மஞ்சள் என்று எழுதினாள், பத்துக்குப் பத்து. ஹஸீனா தான் கண்ட ஊதாவையே எழுதினாள், பூஜ்யம்.

* டீச்சரைக் கொடியவராக்கப் பார்த்தேன். முடியவில்லை. என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்.

3

"எனக்கு ஊதாதான் தெரிஞ்சிச்சு டீச்சர். இன்னொரு வாட்டி கொளுத்திப் பாருங்களேன்."

"போத்தல்ல சோடியம்னு ஒட்டியிருக்குல்ல? ஒன் கண்ணுலதான் கோளாறு."

ஹஸீனா நகரவில்லை. போத்தலை நிரப்பிய ஆய்வகப் பணியாளர் மருதமுத்து கதவோரம் நின்றிருந்தார். (அவரை உண்மை பேசவைத்து ஒரு பக்கம் எழுதினேன். நான்கு பிள்ளைகளின் தகப்பன், வேலை போய்விடும், பேசமாட்டார். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.)

டீச்சர் பர்னரைப் பற்றவைத்து, கம்பியை உப்பில் தொட்டுக் காட்டினார். ஊதா. அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது.

"விஜயா, இங்க வா. இது என்ன நெறம்?"

"மஞ்சள், டீச்சர்."

ஹஸீனா சுடரை விட்டுவிட்டு விஜயாவின் முகத்தைப் பார்த்தாள். "நல்லா பாத்துச் சொல்லு விஜி."

"மஞ்சள்தான்."

டீச்சர் உடனே பர்னரை அணைத்தார்.

4

சிபாரிசு விஜயாவுக்குக் கிடைத்தது. அடுத்த தவணை ஹஸீனா வரவில்லை. அவள் குடும்பம் கிளேபாங் என்ற ஊருக்குக் குடிபோய்விட்டதாகச் சொன்னார்கள்.

'விஜயா கிளேபாங்கில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியதும் ஹஸீனா வெளியே வந்து'

பதினோரு முறை இங்கேயே நின்றுவிட்டேன். அவளை மன்னிக்கவைத்தால் எனக்குத்தான் லாபம். திட்டவைத்தாலும் அப்படியே, வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். அவள் பதிலை நானே எழுதி, நானே மதிப்பெண் போட்டுக்கொள்வதா?

வாசகரே, அந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். நான் திருத்தப் போவதில்லை.