ஓட்டுநரின் பதினெட்டு கிலோ

அவள் நகரப் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கணவன் போனை நீட்டினான். வீட்டில் யாரால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்கிடும் ஆப் அது.

"பயணத்துல எனக்கு ரெண்டே கிலோ. உனக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு! கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?"

"எதைக் குறைக்கறது?"

"தினமும் பஸ்ல நூத்தியெம்பது கிலோமீட்டர் போறியே."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "நான் போறேனா? ஓட்டறேங்க! ஒரு நடைக்கு அறுபது பேரை ஏத்திக்கிட்டுப் போறேன். அவங்க ஆளுக்கொரு கார்ல கிளம்பினா என்ன ஆகும்?"

"ஓட்டுநர்னு போட இதுல இடமே இல்லையே," என்றான் அவன், தப்பு அவளுடையது என்பதுபோல.

அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடை ஐந்து கிலோமீட்டர் தள்ளி, அவள் பேருந்து போகும் சாலையிலேயே இருந்தது. தினமும் காரில் தனியாகத்தான் போய்வருவான்.

"நாளைக்குக் காரைத் தொடாதீங்க. என் பஸ்ல வாங்க," என்றாள்.

மறுநாள் கூட்டத்தில் கசங்கியபடி வந்தான். கடை தெரிந்ததும் முண்டியடித்து முன்னால் வந்து, "இங்கேயே கொஞ்சம் நிறுத்தேன், இறங்கிக்கறேன்," என்றான்.

பயணிகள் சிரித்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். "பஸ் ஸ்டாப்புலதாங்க நிக்கும்."

கடையைத் தாண்டியிருந்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தான். மாலையில் காரைக் கேட்டுச் சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தாள். வரவில்லை. நாளைக்கு ஜன்னலோர சீட் ஒன்று பிடித்துவைக்க முடியுமா என்று கேட்டான்.