முதுகு காட்டும் சமையல்காரி

இலங்கை மலையகத்து டயகமவில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போன தாய்மார் திரும்பும்வரை குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் ஏஞ்சலா. பேச்சில்லாத பழைய கார்ட்டூன்களைப் போனில் ஓடவிட்டு எல்லாருக்கும் அவளே குரல் கொடுப்பாள். அதற்குப் பிள்ளைகள் போட்ட சட்டம் ஒன்று உண்டு: அடி வாங்கியவருக்குத்தான் கடைசிப் பேச்சு.

இதைக் கேள்விப்பட்டு, ஹட்டனில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் சஞ்சயன், முயலும் நரியும் சண்டை பிடிக்கும் அப்படியொரு படத்துக்குத் தமிழ்க்குரல் கொடுக்கக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையான மனிதர். முயல் வேடம் தனக்குத்தான் என்று பிள்ளைகளிடம் பீற்றிவிட்டுப் போனாள் ஏஞ்சலா. கிடைத்ததோ சமையல்காரி. ஏழு நிமிடமும் முதுகைக் காட்டி அடுப்படியில் நிற்பவள். தலையில் வாளி விழும்.

"முயலும் நரியும் நல்ல தமிழில கதைக்கட்டும். நீங்கள் உங்கட தோட்டத் தமிழில 'ஐயோ சாமி' எண்டு கத்தினால் போதும். சனம் சிரிக்கிற இடமே அதுதான்" என்றார் சஞ்சயன்.

சுருக்கென்றது ஏஞ்சலாவுக்கு. காம்பராவில் நாலு வயது இசபெல் இருக்கிறாள். அவள் அம்மாவுக்குக் கொழும்பில் ஒரு வீட்டில் சமையல் வேலை. மற்றப் பிள்ளைகள் இந்தக் கத்தலுக்குச் சிரித்தால் அந்தக் குழந்தை முகத்தை எங்கே வைத்துக்கொள்ளும்? எழுந்து போய்விடலாம்தான். வேறொருத்தி வந்து கத்துவாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாளி விழுந்தது. சொன்னபடியே கத்தினாள். ஆனால் நிறுத்தவில்லை.

"யாருடா வாளிய மேல வச்சது? இன்னைக்கு ரெண்டு பேருக்கும் ரொட்டி கெடையாது! வேணுமின்னா கையக் கழுவிட்டு வந்து மரியாதையா கேளுங்க!"

படத்தில் முயலும் நரியும் எப்போதும்போல வாசலைப் பார்த்து ஓடின. இப்போதுதான் அவை அவளுக்குப் பயந்து ஓடுவதாகத் தெரிந்தது.

"தங்கச்சி, உது எழுதின வசனத்தில இல்லையே?" என்றார் சஞ்சயன்.

"முதுகத்தானே சார் காட்டுறாங்க. அவங்க பேசலைன்னு யாரு கண்டா?"

சஞ்சயன் திரும்பப் போட்டுப் பார்த்தார். சிரிப்பு அவரை மீறி வந்துவிட்டது. "சரி, இருக்கட்டும்."

அடுத்த வாரம் காம்பராவில் படம் ஓடியது. வாளி விழுந்ததும் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். இசபெல் சிரிக்கவில்லை. பிறகு சமையல்காரி பேசினாள்.

படம் முடிந்ததும் வழக்கம்போல யாருக்கு எந்த வேடம் என்று சண்டை தொடங்கியது. அதற்குள் இசபெல் கஞ்சிக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்து, எல்லாரையும் நேருக்கு நேர் பார்த்து நின்றாள்.

"நாந்தான் சமையக்காரம்மா. எங்கம்மா இப்படித்தான் பேசுவாங்க."