மூன்றாவது டப்பா

ஊசியை நிறுத்திய பிறகுதான் ரெக்சனுக்குத் தனக்கென்று ஓர் உடம்பு இருப்பதே தெரிந்தது. அதுவரை அது சொன்னதைச் செய்துகொண்டிருந்தது.

துறைமுகத்தில் கன்டெய்னர் யார்டு கிரேன் ஓட்டுகிறவன் அவன். மேலே கேபினுக்குப் போகும் இரும்பு ஏணியை முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏறுவான். இப்போது பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே இருந்தவர்கள் அவன் போன் பேசுவதாக நினைத்தார்கள்.

மாவட்ட ஆணழகன் போட்டிக்காக டிக்சன் மாஸ்டரின் ஜிம்மில் இரண்டு வருடம் ஸ்டீராய்டு போட்டிருந்தான். போட்டியில் இரண்டாவது இடம் கிடைத்தது. அடுத்த தை மாதம் ஜெப்ஸியைக் கட்டினான். அவள் ஒரு ஷிப்பிங் ஏஜென்சி ஆபீசில் வேலை பார்க்கிறாள். விஷயம் தெரிந்ததும் அவள் சண்டை போடவில்லை. "நமக்குப் பிள்ளை வேணும்ல? விட்டுருங்க" என்றாள். அன்றைக்கே விட்டான். விட்டால் முடிந்தது என்று இரண்டு பேருமே நம்பினார்கள்.

முடியவில்லை. தூங்கி எழுந்தாலும் தூக்கம் தீராமல் இருந்தது. தோளும் மார்பும் வற்றின. மனைவி பக்கத்தில் படுத்திருப்பாள்; அவனுக்குள் ஒன்றும் அசையாது. ஆலயத்தில் பூசை நடக்கும்போது காரணமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்தவர் பக்தி என்று நினைத்திருப்பார்.

"டாக்டர்ட்ட போவமா?" என்று ஜெப்ஸி கேட்டால், "கொஞ்ச நாள் பொறுளா" என்பான். ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து இதை வாய்விட்டுச் சொல்ல அவனால் முடியாது. அதற்குப் பதில் போனில் வீடியோக்கள் பார்த்தான். ஊசியை நிறுத்தியவர்கள் பழையபடி ஆக, டெஸ்டோஸ்டிரோனைத் தானாகச் சுரக்க வைக்கும் பூஸ்டர் மாத்திரைகள் இருப்பதாக ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவன் சிறந்தது என்றதை அடுத்தவன் ஏமாற்று என்றான். ரெக்சன் தானே சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தான்.

முதல் டப்பாவில் வெந்தயச் சத்தும் நெருஞ்சிலும் இருந்தன. அதைத் தின்ற நாளெல்லாம் அவன் வியர்வையில் வெந்தய வாசம் அடித்தது. "என்னங்க, சட்டைல குழம்பு வாசம் அடிக்கி" என்று ஜெப்ஸி மூக்கைச் சுளித்தாள். வேறு மாற்றம் எதுவும் இல்லை. இரண்டாவது டப்பா துத்தநாகம், வைட்டமின், அமுக்கரா என்று வழவழப்பான லேபிளோடு வந்தது. முதல் வாரம் தெம்பாக இருப்பதுபோல் தோன்றியது. இரண்டாவது வாரம் அந்தத் தோற்றமும் போயிற்று.

மூன்றாவது டப்பாவைக் கொடுத்தது டிக்சன் மாஸ்டர்.

"புதுசா நம்மகிட்ட வந்திருக்குலே. எல்லாம் மூலிகை. நானே சாப்பிடுதேன்" என்று தன் புஜத்தை மடக்கிக் காட்டினார். அவரும் இருபது வயதிலிருந்து ஊசி போட்டவர்தான். நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் முறுக்கேறி நின்றார்.

அது வேலை செய்தது. இரண்டே வாரத்தில் ரெக்சன் ஏணியில் நிற்காமல் ஏறினான். பசித்தது. கைகால்கள் பழையபடி சொன்னதைக் கேட்டன. ராத்திரி ஜெப்ஸியின் பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் அவன் மார்பில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அவன் ஏனென்று கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும்.

மாஸ்டர் கேட்டதும் ஜிம்மில் சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று வீடியோ பேசிக் கொடுத்தான். 'நான் ஊசிய நிறுத்தி நொந்து போயிருந்தேன். நெறைய பூஸ்டர் வாங்கிப் பாத்தேன். இது ஒண்ணுதான் என்னைய மீட்டுச்சு.' பணம் எதுவும் வாங்கவில்லை. அத்தனையும் உண்மை என்றுதான் பேசினான். தூத்துக்குடியில் மட்டுமல்ல, சாயர்புரம், திருச்செந்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் மாஸ்டருக்கு ஆர்டர் வந்தது.

கொஞ்ச நாளில் அவன் முதுகில் பழைய பருக்கள் திரும்ப வந்தன. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்தினான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி எறிந்தபோது ஜெப்ஸி அதைக் குனிந்து எடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "ஊசி போட்டப்ப நீங்க இப்படித்தான் இருந்தீங்கன்னு அத்தை சொல்லியிருக்காங்க. நாளைக்கி டாக்டர்ட்ட போறோம். வரலேன்னா நான் மட்டும் போயி ஒங்களப் பத்திச் சொல்லுவேன்."

திருநெல்வேலியில் ஒரு ஹார்மோன் டாக்டர். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாள், சலிப்போ அதிர்ச்சியோ காட்டாமல் எல்லாவற்றையும் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள். விந்துப் பரிசோதனையும் செய்தார்கள். அடுத்த முறை போனபோது டாக்டர் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்ப உடம்பு எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லாருக்கு டாக்டர்."

"அதுதான் எனக்குக் கவலை. உங்க டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டத்துல இருக்கு. அதைச் சுரக்கச் சொல்லி மூளையில இருந்து போற சிக்னலும் அறவே இல்ல. இவ்வளவு கம்மியா இருக்கிறவர் எழுந்து நடக்கவே அலுத்துக்கணும். உங்களுக்கு பலம் இருக்குன்னா அது உங்க உடம்பு குடுத்த பலம் இல்ல. அந்த டப்பாவுல ஏதோ ஸ்டீராய்டு மாத்திரையைக் கலந்திருக்காங்கன்னு நினைக்கிறேன். கல்லீரலும் வீங்க ஆரம்பிச்சிருக்கு."

ஜெப்ஸி கேட்டாள்: "அப்ப மத்த ரெண்டு டப்பா?"

"அதுல பெரிய பிரயோசனம் இருந்திருக்காது. ஆனா ஊசி நிறுத்தினதுல இருந்து உடம்பு மெதுவா முழிச்சிட்டு வந்திருக்கும். மாசக்கணக்கா ஆகும், சில பேருக்கு வருஷமே ஆகும். இந்த டப்பா அதைத் திரும்பத் தூங்க வெச்சிருச்சு." விந்தில் உயிரணுவே இல்லை என்பதையும் சொன்னார். பெரும்பாலும் திரும்பி வரும், உறுதி சொல்ல முடியாது, தேவைப்பட்டால் மருந்து உண்டு, முதலில் டப்பாவை நிறுத்துங்கள் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜெப்ஸி ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். வல்லநாடு தாண்டியதும் ரெக்சன் போனை எடுத்து மாஸ்டரைக் கூப்பிட்டான். அவர் எடுக்கவில்லை. தான் பேசிய வீடியோவின் கீழே நன்றி சொல்லியிருந்தவர்களின் பேர்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒரு பேரில் விரல் நின்றது. சிலுவை.

தருவைகுளத்துக்காரன். வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். ஜிம்மில் ரெக்சனோடு சேர்ந்து எடை தூக்கியவன். அவனும் ஊசி போட்டு நிறுத்தியவன்தான். அவன் நம்பரை அடித்தபோது அக்காள் இசபெல்லா எடுத்தாள்.

"அவன் ஆஸ்பத்திரில கெடக்கான். மஞ்சக்காமாலைன்னு சொல்லுதாவ. நீ யாரு பேசுத?"

பேரைச் சொன்னான். உடனே போன் வைக்கப்பட்டது.

ஆஸ்பத்திரியில் சிலுவையின் கண்கள் மஞ்சள் பூசியதுபோல் இருந்தன. உடம்பெல்லாம் சொறிந்த கோடுகள். ரெக்சன் டாக்டர் சொன்னதைச் சொல்லி, சிலுவைக்கு வைத்தியம் பார்க்கிறவர்களிடமும் டப்பாவைக் காட்டினான். சிலுவை முகட்டைப் பார்த்தபடி கிடந்தான்.

"மாஸ்டர் சொன்னா நான் வாங்கியிருக்க மாட்டேன்" என்றான். "ஒன் மொகத்தப் பாத்துத்தான் வாங்குனேன். நல்லாருக்கேன்னு சொன்னியே. மொகமும் நல்லாத்தான இருந்துச்சு."

இசபெல்லா வந்து, "பாத்தாச்சுல்லா, போ" என்றாள்.

அங்கிருந்து நேரே ஜிம்முக்குப் போனான். மாஸ்டர் தனியாக எடை தூக்கிக்கொண்டிருந்தார். சிலுவை கிடக்கும் கிடையைச் சொன்னான். டாக்டர் சொன்னதைச் சொன்னான். மாஸ்டர் டம்பெல்லைக் கீழே வைக்காமலே சொன்னார்.

"அவன் குடிக்கிற ஆளு. அதுல ஈரல் கெட்டிருக்கும். நான் சாப்பிடுதேன், எனக்கு நல்லா வேலை செய்யிதே."

"அதான் மாஸ்டர் பயமே. வேலை செய்யக் கூடாது. மூலிகைன்னா இப்படி வேலை செய்யாது."

"ஏலே, அது இல்லன்னா நான் என்னலே?" என்றார் மாஸ்டர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்ததுபோல் டம்பெல்லைக் கீழே வைத்தார். "ஜிம்முக்கு வார பையன் ஒவ்வொருத்தனும் மொதல்ல என் கையத்தான் பாக்கான். சரக்கு அனுப்புறவன்ட்ட கேக்கேன். நீ போ."

"ரத்தம் மட்டும் எடுத்துப் பாருங்க."

"போன்னு சொன்னேன்."

பழைய வீடியோவை அவர் நீக்கவில்லை. ரெக்சன் வீட்டுக்கு வந்து, சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு வீடியோ பேசினான். ஜெப்ஸி போனைப் பிடித்துக்கொண்டாள். நடந்ததை எல்லாம் சொன்னான்; உயிரணு இல்லை என்பதைச் சொல்லும் இடத்தில் குரல் இறங்கிப்போயிற்று. ஜெப்ஸி நிறுத்தவில்லை. மறுநாள் யார்டில் சிலர் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். முன்பின் தெரியாத சிலர் தனியாகப் போன் செய்து தங்கள் கதையைச் சொன்னார்கள். பழைய வீடியோ பார்த்தவர்களில் கால்வாசிப் பேர்கூட இதைப் பார்க்கவில்லை. டிக்சன் மாஸ்டர் போன் எடுப்பதையே விட்டுவிட்டார். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசில் ஜெப்ஸி டப்பாவோடு புகார் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

டப்பாவை நிறுத்தியதும் உடம்பு முன்னைவிட மோசமாகக் கீழே விழுந்தது. இந்த முறை வீட்டில் மறைக்க எதுவும் இல்லை. கிரேனிலிருந்து கொஞ்ச காலத்துக்குக் கீழே வேலை கேட்டு வாங்கினான். அழுகை வந்தால் ஜெப்ஸி பார்க்கவே அழுதான். அடுத்தடுத்த சோதனைகளில் மூளையின் சிக்னல் லேசாகத் தலைகாட்டியது. டாக்டர் அதைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. "வருது. விடாம வாங்க" என்றார்.

சிலுவை பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெக்சன் தருவைகுளம் போனான். கடற்கரையில் வள்ளத்தை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சிலுவையும் மெலிந்த கைகளால் ஒரு பக்கம் பிடித்திருந்தான். ரெக்சன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, யாரிடமும் கேட்காமல் அவனுக்குப் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தான். ஒரு தள்ளு, இரண்டு தள்ளு. ரெக்சனுக்குக் கண்ணை இருட்டியது. சிலுவை அவனுக்கு முன்பே கையை எடுத்துவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தான்.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்கப்பா" என்றார் ஒரு பெரியவர். மற்றவர்கள் வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ரெக்சனும் மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"மறுபடி எப்ப டாக்டர்ட்ட?" என்று ரெக்சன் கேட்டான்.

"ஈரல் டாக்டர் பாத்தாச்சு. ஒங்க டாக்டரத்தான் அக்கா பாக்கச் சொல்லுதா."

"செவ்வாக்கெழம நான் போறேன்."

சிலுவை மணலைக் கையில் அள்ளி விரல்களுக்கு நடுவே ஒழுக விட்டான். ரெக்சன் பதிலை எதிர்பார்க்காமல் செருப்பைத் தேடி எழுந்தான்.

"பஸ் ஸ்டாண்டுல நில்லு" என்றான் சிலுவை, அவனைப் பார்க்காமலே. "வாரேன்."